ஐஷம் ரஸ்கோவுக்கு ஆர்லீதா யார்?

ஆர்லீதா ரஸ்கோ கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். அணைத்திருப்பாள். மறுபடி கிளம்பினால் கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வரும். வட கரோலினாவில் ஒரு மாவட்டப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தாள். அவள் கையில் சோள ரொட்டி ஒரு நாள்கூடக் கருகியதில்லை; கருகிவிடுமோ என்று பயப்படாத நாளும் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அவன் வீடு திரும்ப அஞ்சு நிமிஷம் லேட்டானா நான் செத்தே போவேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு, அறுபத்தோராவது வயதில், கவலைப்படுவதற்கு நிஜமாகவே ஒரு காரணம் வந்து சேர்ந்தது. 1980 செப்டம்பரில் ஒரு மரக் கம்பெனி அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

அவள் இருந்த வீடும் அதைச் சுற்றி நாற்பத்துமூன்று ஏக்கரும் அவளுடைய கொள்ளுத்தாத்தா ஐஷம் ரஸ்கோ 1881-இல் வாங்கியவை. அடிமையாகப் பிறந்தவர், விடுதலையாகிப் பதினாறு வருஷத்தில் வட கரோலினாவில் இவ்வளவு நிலம் வாங்கினார் என்றால் சும்மா இல்லை. ஆனால் 1899-இல் உயில் எழுதாமல் செத்துப்போனார். எங்கள் கறுப்பு ஜனங்களில் அப்போது உயில் எழுதியவர் யார்? கோர்ட் பக்கம் போனால் இருப்பதும் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். அதனால் நிலம் பாகம் பிரியாமல், வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. மகன் வைலி அங்கேயே தங்கி உழுதார், அவருக்குப் பின் அவர் மகன் நெட், நெட்டுக்குப் பின் ஆர்லீதா. ஐஷமின் மகள் டெம்பியின் வழி வந்தவர்கள் டவுனுக்குப் போனார்கள், அங்கிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்கள். இந்த மண்ணைக் கண்ணால் பார்த்திராத இரண்டு பையன்கள் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்துகொண்டு தங்கள் துக்கடாப் பங்கைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

பங்காளி ஒருவன் விற்றால் போதும், வாங்கியவன் பங்காளி ஆகிவிடுவான். பங்காளி ஆனதும் நேரே கோர்ட்டுக்குப் போய், "பிரித்துக் கொடு, பிரிக்கத் தோதில்லையென்றால் மொத்தத்தையும் ஏலம் போடு" என்று கேட்கலாம். ஏலத்தில் எடுப்பதும் அவனாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் இப்படி நடுத்தெருவுக்கு வந்தன என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் கட்டுப்படாது.

கம்பெனி அதோடும் நிற்கவில்லை. டெம்பி ஐஷமின் மகள் என்பதற்கு அவளுடைய கல்யாணப் பதிவு இருக்கிறது, வைலி ஐஷமின் மகன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, ஆகவே ஆர்லீதா பங்காளியே அல்ல, காலி செய்யவேண்டியது என்று எழுதியிருந்தார்கள். கிழவியை ஒரு மிரட்டு மிரட்டினால் போய்விடுவாள் என்று கணக்கு.

ஏழைகளுக்காக வாதாடும் சங்கத்திலிருந்து ஃபெல்டன் என்று ஓர் இளம் வக்கீல் கிடைத்தார். எங்கள் ஜனத்துப் பையன், டர்ஹமில் சட்டம் படித்தவர்.

"மிஸ் ஆர்லீதா, எனக்கு ஒரே ஒரு காகிதம் போதும்" என்றார் அவர். "வைலி ஐஷமோட புள்ளைன்னு சொல்ற எதுவா இருந்தாலும் சரி. அது கிடைச்சா, வீட்டையும் சுத்தி ஒரு பத்து ஏக்கரையும் தனியா வெட்டிக் குடுங்கன்னு ஜட்ஜ் கால்ல விழலாம்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா விசாரணை அன்னிக்கு நான் சும்மா நின்னுட்டு வரணும்."

விசாரணை அக்டோபர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை.

மூன்று வாரம் ஆர்லீதா தினமும் கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனாள். தகர இழுப்பறைகள் சுவர் முழுக்க. ஒவ்வொன்றிலும் மூன்றாக மடித்துச் சிவப்பு நாடாவால் கட்டிய காகிதக் கட்டுகள். பழைய கவுண்டி கோர்ட், அதாவது மாவட்டக் கோர்ட், என்பது கொலையும் களவும் விசாரிக்கிற இடம் மட்டும் அல்ல. ஊர்க் குடுமி அதன் கையில் இருந்தது. எந்தச் சாலையைச் சீர்படுத்த எந்த வீட்டு ஆள் வரவேண்டும், எவன் பன்றிக்கு எந்தக் காதில் எந்த வெட்டு அடையாளம், ஆலைக்குத் தண்ணீரை யார் மறித்தார்கள், எல்லாம் அங்கே மடங்கிக் கிடந்தன. ஒருவன் கோர்ட்டுக்கு வந்து, தன் இடது காதைச் சண்டையில் இன்னான் கடித்துத் துப்பிவிட்டான், தண்டனையாகக் காதறுபட்ட திருடன் என்று யாரும் தன்னை நினைத்துவிடக் கூடாது, பதிந்துகொள்ளுங்கள் என்று எழுதி வாங்கிப்போயிருந்தான். அதைப் படித்தபோது ஆர்லீதா தன்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டு, வந்த வேலையை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஸ்கோ என்ற பெயர் கண்ட இழுப்பறைகளை எல்லாம் அலசினாள். வெள்ளைக்கார ரஸ்கோக்கள் கிடைத்தார்கள். ஐஷம் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் மனசுக்குள் ஏலக்காரன் கூவிக்கொண்டே இருந்தான்.

கீழ்த்தளத்துக்குப் பொறுப்பு உதவி குமாஸ்தா மிஸஸ் ப்ரூடன். வெள்ளைக்காரி, ஆர்லீதாவைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவள் ஆர்லீதாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், ஆர்லீதா அவளை மிஸஸ் போட்டுத்தான் கூப்பிடவேண்டும். அது அங்கே மாறாத பழக்கம். மற்றபடி கெட்டவள் என்று சொல்ல முடியாது. கடைசி வெள்ளிக்கிழமை காலையில் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆர்லீதா, இன்னும் அதே இழுப்பறையத்தான் கொடையுறியா?"

"எங்க பேர் ரஸ்கோதானே, மிஸஸ் ப்ரூடன்."

"உங்க பேர் அதுதான். அந்தக் காலத்துக் குமாஸ்தா உங்க பேர எங்க கேட்டான்? காகிதத்தக் கட்டி உள்ள போடறப்ப, சொத்து உள்ளவன் பேர் எதுவோ அதுலதான் போட்டான். உங்க ஆளுங்கள அடிமையா வெச்சிருந்தது யாரு?"

ஆர்லீதா கையிலிருந்த கட்டுக்கு நாடாவைத் திரும்பக் கட்டினாள். அவளுக்குத் தெரியும். ஹாலிஸ்டர். விடுதலையான மறுநாளே ஐஷம் அந்தப் பெயரை உதறிவிட்டுத் தன் அப்பாவின் பெயரான ரஸ்கோவை வைத்துக்கொண்டார். ஹாலிஸ்டர் என்ற சொல் அந்த வீட்டில் கேட்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நெட் அதைக் காப்பாற்றினார், ஆர்லீதாவும் காப்பாற்றினாள். நாள் முழுக்க அந்த இழுப்பறைகளுக்கு முன்னால் நடந்திருக்கிறாள், மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. குடும்ப மானத்தைக் காக்கிறேன் பேர்வழி என்று குடும்பத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தாள். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள், எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள்.

"எச் வரிசையத் தொறந்து விடுங்க" என்றாள் கடைசியில். பெயரை அப்போதும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. 1866 நவம்பர் என்று மேலே எழுதிய கட்டு. முதல் காகிதம் ஒரு முச்சலிக்கா, அதாவது ஒப்பந்தப் பத்திரம்: ஜோசையா ஹாலிஸ்டர் என்பவர் டெம்பி, ஏசா, வைலி என்ற மூன்று "அநாதை"க் கறுப்புக் குழந்தைகளை இருபத்தொரு வயது வரை வேலை பழக்க எடுத்துக்கொள்கிறார், கோர்ட் சம்மதிக்கிறது. விடுதலை வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பனும் அம்மாவும் உயிரோடு இருக்கிற பிள்ளைகளை அநாதை என்று எழுதிப் பழைய முதலாளிக்கே திருப்பிக் கட்டிவைப்பதற்குக் கவுண்டி கோர்ட்டுக்கு அப்போது ஒரு பேனாவும் ஒரு மத்தியான நேரமும் போதும்.

வைலி. தாத்தாவின் பெயர். டெம்பியின் பெயருக்கு ஒரு பெயர் தள்ளி; நடுவில் ஏசா, பிள்ளைகுட்டி இல்லாமல் செத்துப்போனவர். ஆர்லீதா அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள். "கிடைச்சிடுச்சு, ஆண்டவரே, கிடைச்சிடுச்சு" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த காகிதம் ஐஷம் கொடுத்த மனு. தான் உயிரோடிருப்பதாகவும், குழந்தைகள் அநாதைகள் அல்ல என்றும், மூவரையும் தன்னிடம் திருப்பித் தரவேண்டும் என்றும் யாரையோ பிடித்து எழுதச் செய்து, கீழே கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருந்தார். பதினோரு மைல் நடந்து மூன்று தடவை வந்திருக்கிறார். முதல் இரண்டு தடவை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை நீதிபதிகள் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் மனுவின் பின்பக்கத்தில் குமாஸ்தாவின் கையெழுத்தில் இருந்தன. ஆர்லீதா அதை ஒரு தடவை படித்தாள். புரிந்தது பொய்யாக இருக்கட்டும் என்று இன்னொரு தடவை படித்தாள்.

டெம்பியும் ஏசாவும் தன் பிள்ளைகள் என்று ஐஷம் சொல்லியிருக்கிறார். வைலி தனக்கோ தன் மனைவி டார்க்கஸுக்கோ பிறந்தவன் அல்ல. ஹேனா என்பவளின் குழந்தை. அவளை ஜார்ஜியாவுக்கு விற்றபோது அவன் பால்குடி. டார்க்கஸ் தன் பாலைக் கொடுத்து வளர்த்தாள். அவனையும் கொடுத்துவிடுங்கள் என்றிருக்கிறார். இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த கோர்ட், வைலியை மட்டும் ஹாலிஸ்டரிடமே விட்டது. அவன் நிஜமாகவே அநாதையாம்.

கட்டில் மூன்றாவதாக ஒரு சின்னக் காகிதம். வைலியை விடுவிப்பதற்கு ஈடாக, நான்கு வருஷம் ஹாலிஸ்டர் பண்ணையில் தான் வேலை செய்வதாக ஐஷம் ஒப்புக்கொண்ட பத்திரம். அதிலும் அதே பெருக்கல் குறி.

ஆர்லீதா மூன்று காகிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்தாள். தாத்தா முகம், அப்பா முகம், தன் முகம், எதிலும் ஐஷம் இல்லை. ஹேனா யார்? எந்தக் கட்டில் தேடுவது? அதைவிட அவசரமான பயமும் கூடவே வந்தது: கம்பெனி சொன்னது சரியாகிவிட்டதே. இந்தக் காகிதம் வெளியே வந்தால் திங்கட்கிழமையோடு வீடு போச்சு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மிஸஸ் ப்ரூடன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மடித்தால் உள்ளங்கை அளவுதான். கைப்பை திறந்தே இருந்தது.

கையைக் கொண்டுபோனாள். அந்தப் பெருக்கல் குறிகள் கண்ணில் பட்டன. எழுதத் தெரியாத மனுஷன் பதினோரு மைல் நடந்து வந்து அழுத்திப் போட்ட குறி, மை இன்னும் கறுப்பாகவே இருந்தது. அதைத் திருட அவளால் முடியவில்லை.

"மூணுக்கும் நகல் வேணும், மிஸஸ் ப்ரூடன். முத்திரை போட்டு."

அன்று மத்தியானமே ஃபெல்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "முடிஞ்சிது தம்பி" என்றாள். "நான் யாரோ."

ஃபெல்டன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸ் ஆர்லீதா, கொஞ்சம் நிதானமா கேளுங்க. நீங்க பங்காளியா இருந்தா எத்தன வருஷம் அங்க குடியிருந்தாலும் தனி உரிம வராது. மத்த பங்காளிகளுக்காகவும் சேத்துத்தான் நீங்க இருக்கீங்கன்னு சட்டம் சொல்லும். ஆனா நீங்க யாரோன்னா?"

"யாரோன்னா வெளிய தள்ளுவான்."

"இல்ல. வெளி ஆள் ஒருத்தர் யாரையும் கேக்காம, வேலி போட்டு, ஊரறிய இருபது வருஷம் இருந்துட்டா நிலம் அவரோடது. எதிரிடை அனுபவம். உங்க தாத்தா காலத்துலேருந்து எண்பத்தோரு வருஷம் ஆச்சு. பத்து ஏக்கர் இல்ல, நாப்பத்துமூணும் உங்களுதுதான். கம்பெனி வாங்கின பங்கு வெறும் காகிதம். நோட்டீஸ்ல அவனே உங்கள வெளி ஆள்னு எழுதிக் குடுத்திருக்கான், மடையன்!"

ஃபெல்டன் முகம் முழுக்கச் சிரிப்பு. ஆர்லீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நான் கோர்ட்ல என்ன சொல்லணும்?"

"உண்மையத்தான். ஐஷம் ரஸ்கோ உங்களுக்கு எந்த ரத்த உறவும் இல்லேன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். இன்னொண்ணு இருக்கு. சொந்தக்காரங்கன்னு அவங்க தயவுல, அவங்க சம்மதத்துல நீங்க அங்க இருந்தீங்கன்னு ஜட்ஜுக்குத் தோணிடக் கூடாது. தோணிச்சுன்னா எல்லாம் போச்சு."

உறவு இருக்கிறது என்று நிரூபிக்க மூன்று வாரம் மண்ணைக் கிளறியவள், இப்போது உறவே இல்லை என்று பைபிள் மேல் கை வைக்கவேண்டும். அதுவும் யாரைப் பற்றி? தனக்காக நான்கு வருஷம் மறுபடி அடிமை வேலைக்குப் போனவரைப் பற்றி. வைலிக்காகத்தான் போனார், ஆனால் வைலி இல்லாவிட்டால் அவள் ஏது? சனிக்கிழமை முழுக்க ஆர்லீதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டியில் வைத்த கீரை அடிப்பிடித்து நாறியது. முப்பத்துநான்கு வருஷம் பயந்தது அன்றைக்குத்தான் நடந்தது, அதையும் அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் லாஸியைத் தனியாகக் கூப்பிட்டாள். லாஸி டெம்பியின் பேத்தி, டவுனில் துணி தைப்பவள், ஆர்லீதாவுக்கு மூன்று வயது இளையவள். ஃபிலடெல்ஃபியாப் பையன்கள் அவளுடைய அண்ணன் மகன்கள்தான். அவள் மட்டும் தன் பங்கை விற்க மறுத்துவிட்டாள். இருவரும் ஐம்பத்தைந்து வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். ஆர்லீதா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தான் ஜெயித்தால் லாஸியின் பங்கும் சேர்ந்தே போய்விடும் என்பதையும் சொன்னாள்.

லாஸி நகலைப் படித்து முடித்தாள்.

"பங்கு கெடக்குது போக்கா. அத வெச்சு நான் என்ன மாளிகையா கட்டப்போறேன்? இத எப்பிடிச் சொல்லப்போற நீ? இந்த மனுஷன் உங்க தாத்தாவுக்காக நாலு வருஷம் திரும்பப் போய் அந்தப் பாவி நிலத்துல உழுதிருக்காரு. நீ எந்திரிச்சு நின்னு, அவர் யாரோ எவரோன்னு சொல்லுவியா?"

"வேற வழி சொல்லுடி. வீடு போயிடும்."

"வீடு போனா என் வீட்டுக்கு வா. அதுக்காக என்னையும் யாரோன்னு சொல்லிடுவியா?"

"லாஸி, அதுவும்தாண்டி கேப்பாங்க."

லாஸி நகலை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தொப்பியைக்கூடப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோர்ட் கூடியது. ஃபெல்டன் நகல்களைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் கம்பெனி வக்கீலின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். போன மாதம் வரை ஆர்லீதா யாரோ என்று அடித்துச் சொன்ன ஆள், தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து, இந்த அம்மா ஐஷம் குடும்பத்துப் பெண்தான், குடும்பம் அன்போடு இடம் கொடுத்து வைத்திருந்தது, இவரும் பங்காளியே என்று பேச ஆரம்பித்தார். பார்வையாளர் வரிசையில் யாரோ கனைத்தார்கள். ஜட்ஜே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

ஆர்லீதா கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். ஃபெல்டன் மெதுவாகக் கேட்டார்: "ஐஷம் ரஸ்கோ உங்களுக்கு ரத்த உறவா?"

அவள் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். ஜட்ஜ் குனிந்து, "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றார்.

"இல்ல" என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை. வைலி தாத்தா கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. அதைவிட, ஐஷம் கேட்டுக்கொண்டிருந்தால்? கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் பயம், அழுவது பாசம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று.

அவள் இறங்கியதும் கம்பெனி வக்கீல் தன் சாட்சியைக் கூப்பிட்டார். "மிஸ் லாஸி பியூ."

ஆர்லீதா ஃபெல்டனின் சட்டைக் கையைப் பிடித்தாள். பங்காளி என்பதால் லாஸிக்கும் அன்று சம்மன் இருந்தது; பின் வாசலிலிருந்து வந்தாள். சர்ச்சுக்குப் போகிற நீல உடுப்பு. ஆர்லீதா பக்கம் பார்க்கவே இல்லை. லாஸி பொய் சொல்ல மாட்டாள். அளவெடுக்க வந்தவளிடம் "நீ பருத்துட்டே" என்று முகத்துக்கு நேரே சொல்லி வாடிக்கையை இழக்கிறவள். அதற்கு மேல், நேற்றைய கோபம். ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும், நாற்பத்துமூன்று ஏக்கரும் ஏலத்துக்குப் போய்விடும்.

கம்பெனி வக்கீல், அவசரமாக ஆள் விட்டு வரவழைத்த சர்ச் ஆண்டு விழா மலரை எடுத்துக் காட்டினார். அதில் இருவர் படமும் போட்டு, ரஸ்கோ குடும்பத்துச் சகோதரிகள் என்று அச்சிட்டிருந்தது.

"இந்த அம்மா உங்க உறவுதானே?"

"அத அச்சடிச்சது பாஸ்டர். அவரக் கேளுங்க."

"உங்களக் கேக்கறேன். ரத்த உறவா, இல்லையா?"

லாஸி மேஜையில் இருந்த நகல்களைப் பார்த்தாள். "காகிதத்துல போட்டிருக்கே, படிக்கலியா? எங்க ஐஷம் தாத்தா பொய் சொல்ற ஆள் இல்ல. ரத்தம் இல்லேன்னா இல்ல."

"சரி, உறவோ இல்லையோ, உங்க குடும்பத்துப் பெரியவங்க சம்மதிச்சுத்தானே இவங்க அங்க குடியிருந்தாங்க?"

"சம்மதமா!" லாஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் பொறக்கறதுக்கு முன்னால எங்கப்பா ஒரு தடவ கூடைய எடுத்துக்கிட்டு அங்க பீக்கன் கொட்ட பொறுக்கப் போனாரு. டெம்பி மருமகன், அவருக்கு உரிம இருக்குன்னு நெனப்பு. வைலி நாய அவுத்து விட்டுட்டாரு. இது என் நிலம், என்னக் கேக்காம காலு வெக்காதேன்னு கத்துனாராம். எங்கப்பா கால்சட்ட கிழிஞ்சு, கூடையப் போட்டுட்டு ஓடி வந்தாரு. சாகற வரைக்கும் அந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்கல. அந்தத் தழும்ப நான் பாத்திருக்கேன், அய்யா. நாங்க சம்மதம் குடுத்தோமாம்!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. ஃபெல்டன் தலையைக் குனிந்துகொண்டார். அது பொய்யும் இல்லை. அந்த நாய்க்கடியை வைத்து இரண்டு வீடும் பத்து வருஷம் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும்.

"கடைசியா ஒண்ணு" என்றார் கம்பெனி வக்கீல், முகம் சிவந்து. "இந்த வழக்குல இவங்க ஜெயிச்சா உங்க பங்கும் போயிடும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

லாஸி மடியில் உடுப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் லாஸி. "சர்ச்சுல பக்கத்துல உக்காருவாங்க. அவ்வளவுதான்."

இந்தப் பதில்தான் தன்னைக் காப்பாற்றியது என்று ஆர்லீதாவுக்குத் தெரியும். தெரிந்தும், ஐம்பத்தைந்து வருஷத்தில் லாஸி சொன்ன எதுவும் இப்படி வலித்ததில்லை. லாஸி கூண்டிலிருந்து இறங்கி, அவள் நாற்காலியை உரசிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி வெளியே போய்விட்டாள்.

ஜட்ஜ் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். நாற்பத்துமூன்று ஏக்கரும் ஆர்லீதாவுக்கு. ஃபெல்டன் அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு காதோரம் குனிந்தார்.

"அப்பீலுக்குப் பத்து நாள் கெடு இருக்கு. கம்பெனி ஆள் எதையாவது தேடிக்கிட்டே இருப்பான். அதுவரைக்கும் அந்த அம்மாவோட ஒட்டி உறவாடிட்டிருக்காதீங்க. நாலு பேர் பாத்தா வம்பு."

ஆர்லீதா தலையாட்டினாள். நிலம் கிடைத்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஐஷமும் போய், டார்க்கஸும் போய், லாஸியும் போய், நாற்பத்துமூன்று ஏக்கரில் தான் மட்டும் நிற்பதுபோல இருந்தது. படி இறங்கினாள். கோர்ட்டுக்குப் பின்னால் மரத்தடியில் நிறுத்தியிருந்த தன் பழைய காரைத் திறந்தாள். பூட்டியிருக்கவில்லை. எதையும் பத்துத் தடவை சரிபார்க்கிறவள் அன்று காரைப் பூட்ட மறந்திருந்தாள்.

பின் சீட்டில் நீல உடுப்போடு லாஸி குப்புறப் படுத்திருந்தாள். தலைக்கு மேல் ஆர்லீதாவின் மழைக்கோட்டை இழுத்துவிட்டிருந்தாள்.

"அந்த ஆளு போயிட்டானா?" என்று கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாசல்ல நின்னு யார்கூடயோ பேசிட்டிருக்கான்."

"திரும்பிப் பாக்காம வண்டிய எடுக்கா. ரெண்டு மணி நேரமா இப்பிடியே கெடக்கேன், இடுப்பு போச்சு. கிடைச்சுதா?"

"மொத்தமும்."

கோட்டுக்கு அடியில் லாஸி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆர்லீதாவுக்கு முன்னால் இருந்த சாலை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோர்ட் வாசலையும் மருந்துக் கடையையும் சர்ச்சையும் மெதுவாகக் கடந்தாள். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒற்றையாகப் போகிறவள்போலக் கை அசைத்தாள். ஆற்றுப் பாலம் வந்தது.

"எந்திரிக்கலாமா?" என்றாள் லாஸி.

"இரு, எதுக்கால ஒரு வண்டி வருது" என்றாள் ஆர்லீதா. ஒரு கையைப் பின்னால் நீட்டி, கோட்டுக்கு அடியில் துழாவி, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள் பொறுத்துக்கடி."